பாறை விட்ட வழி

நீலகிரியின் மேற்கு விளிம்பில் முக்கூர்த்தி முனை 2,554 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேற்கே நிலம் சட்டென்று அறுந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் வழியும் மழைநீர் நிலம்பூர்க் காடுகளைக் கடந்து சாலியாற்றில் சேர்ந்து, அதிகத் தொலைவு போகாமலே அரபிக் கடலை அடைந்துவிடும். அதே மேகத்திலிருந்து விளிம்புக்குக் கிழக்கே, நாலெட்டு தள்ளி விழுந்த நீரின் கதை வேறு. அதற்கு முன்னால் கொங்கு நாடும் காவிரியும் சோழ நாடும் கிடக்கின்றன. வங்கக் கடல்வரை போயாக வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளான தொதவர்கள் இந்த முனையை மறு உலகத்தின் வாசலாக நம்புகிறார்கள். இறந்த மனிதர்களும் எருமைகளும் இங்கிருந்துதான் அந்தப் பக்கம் போகிறார்களாம். நீர் பிரிகிற இடத்தையே உயிர் பிரிகிற இடமாகவும் கண்ட அந்த மக்களை நினைக்கும்போது, நிலத்தை அவர்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த உயரங்களிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்படுகின்றன. ஒன்று பவானி. மேல்பவானியில் தொடங்கி மலையின் தெற்குப் பக்கமாக இறங்கி, கேரளத்துக்குள் நுழைந்து, அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போய், முக்காலி அருகே திரும்பி, அட்டப்பாடியைத் தாண்டி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து மேட்டுப்பாளையத்தை எட்டுகிறது. மற்றது பைக்காரா. அது வடக்கே போகிறது. மேட்டுநிலத்தின் ஓரத்தில் அருவிகளாக விழுந்து, முதுமலைக் காட்டுக்குள் புகுந்து, தெப்பக்காட்டுப் பக்கம் கிழக்கே திரும்புகிறது. அதன் பிறகு அதற்கு மாயாறு என்று பெயர். மோயாறு என்றும் எழுதுகிறார்கள். நீலகிரியின் வடக்கு அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு மாயாறும், தெற்கு அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு பவானியும் வந்து, மலையின் கிழக்கு மூலையில், இன்று பவானிசாகர் அணை இருக்கும் இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும். மாயாறு மலையை வலமாகச் சுற்றுகிறது, பவானி இடமாகச் சுற்றுகிறது. நிலப்படத்தை விரித்து இந்த இரண்டு கோடுகளையும் விரலால் தொடர்ந்தால், நீலகிரி கிட்டத்தட்ட ஒரு தீவாகவே தெரியும்.

ஆறுகள் இப்படிச் சுற்றுவது தற்செயலாக நடந்ததில்லை. நீலகிரியின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் வடக்கே ஒரு நிலப்பகுதி, தெற்கே இன்னொரு நிலப்பகுதி. பூமியின் ஆழத்தில் இவை ஒன்றோடொன்று நெருக்குண்டு, உரசி, நசுங்கி ஒட்டிக்கொண்ட நீளமான வடுக்கள் இரண்டு இருக்கின்றன. வடக்கு வடுவுக்கு நிலவியலார் மோயாறின் பெயரையும் தெற்கு வடுவுக்கு பவானியின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். ஆறுகள் அந்த வடுக்களைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. 

காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதில் விளங்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறிக்குழியில் இருப்பவர் உடல் நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோ பெண்ணோ கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டு நூலும் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை பிடி தவறினாலும் சேலையில் ஓட்டை விழும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மலையில் இது நேர்மாறாக இருக்கிறது. அங்கே ஒட்டிய இடம்தான் நலிந்த இடம். நொறுங்கிய பாறையில் நீர் எளிதாக இறங்குகிறது, அரிக்கிறது, ஆழப்படுத்துகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நிலம் பட்ட காயம்தான் இன்று இந்த ஆறுகளுக்கு வழியாகக் கிடைத்திருக்கிறது. 

தெப்பக்காட்டைத் தாண்டியதும் மாயாறு அருவியாக விழுந்து ஒரு பிளவுக்குள் மறைந்துவிடுகிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்கு அது பள்ளத்தின் அடியிலேயே ஓடுகிறது. பழைய ஆங்கிலேய எழுத்துகளில் இதற்கு மைசூர் அகழி என்று பெயர். பள்ளத்தின் ஆழம் சில இடங்களில் 250 மீட்டரைத் தொடும். மேலே சீகூர் மேட்டுநிலத்தில் நின்று பார்த்தால், முள்மரங்களும் உசிலையும் நிறைந்த வறண்ட காடு சமமாகப் பரந்து கிடக்கும். நடந்துகொண்டே போனால் திடீரென்று தரை இருக்காது. கீழே ஒரு பச்சைக் கோடும் அதற்குள் ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். வடகரையில் பந்திப்பூர், தென்கரையில் முதுமலை. 1940இல் சென்னை மாகாணத்தின் முதல் வனவிலங்குச் சரணாலயமாக முதுமலை அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் பரப்பு 60 சதுர கிலோமீட்டர்தான். இன்று காப்பகம் 321 சதுர கிலோமீட்டர், அதில் நடுப்பகுதி தேசியப் பூங்கா. எல்லைகளை மனிதர்கள் பிறகுதான் வரைந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பாறை இந்த ஆற்றைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டது. உழுவதற்கு அங்கே நிலமில்லை. சாலை போட முடியாது. வீடு கட்ட யாருக்கும் தோன்றாது. மாயாறு இன்று ஆறாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான் என்று நம்புகிறேன்.

ஆனால் இந்த ஆற்றை யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. மூலத்திலேயே தொட்டிருக்கிறோம்.

முக்கூர்த்தியின் புல்வெளியும் சோலையும் மழையைப் பிடித்து வைக்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை அந்த மேற்கு விளிம்பில் பெய்கிற அளவு சமவெளியில் இருப்பவர்களுக்குக் கற்பனைக்கு எட்டாது. பக்கத்திலிருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. காஞ்சிபுரத்துக்கு ஓராண்டில் கிடைப்பதில் பாதிக்கு மேல் அது. அவ்வளவு நீரும் அப்படியே உருண்டு ஓடியிருந்தால் மலையில் மண்ணே மிஞ்சியிருக்காது. புல்லின் வேர்ப்பின்னலும் அதன் கீழ் கறுப்பாக ஊறிக் கிடக்கும் மண்ணும் சோலையின் இலைமெத்தையும் அதை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. எங்கள் பிள்ளையார்பாளையத்துக் கைலாசநாதர் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கல்லில், கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் இருக்கிறார். கங்கை நேராக இறங்கினால் பூமி தாங்காது, நடுவில் சடை வேண்டும் என்பது புராணம். 1,300 ஆண்டுகளாக அந்தக் கதை எங்கள் தெருவில் இருக்கிறது. முக்கூர்த்தியில் அந்தச் சடைக்குப் புல் என்று பெயர். அதைத்தான் வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பின்னும் தரிசு என்று எழுதிவிட்டுச் சீகை மரமும் தைல மரமும் நட்டோம். உதகையிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அடுத்தடுத்த இரண்டு ஓடைகளின் நீர்ப்பிடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். தைல மரம் நட்ட பக்கம் முதல் சுற்றிலேயே நீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. காய்ச்சல்காரர்களுக்கு யூகலிப்டஸ் எண்ணெயும், தோல் பதனிட மரப்பட்டையும் கிடைத்தன. அதன் விலையை ஆறு கொடுத்தது.

பிறகு மின்சாரம். பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் ஓடத் தொடங்கியது. ஆற்றை மேலேயே பிடித்து, கிளன்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரம் விழவிட்டு, அடிவாரத்துச் சிங்காராவில் சக்கரங்களைச் சுற்ற வைத்தார்கள். கோயம்புத்தூரின் நூற்பாலைகள் பெருகியதற்குப் பின்னால் இந்த நீர் இருக்கிறது. அந்த மின்சாரத்தில் சுழன்ற கதிர்கள் எத்தனையோ ஊர்களில் கைராட்டைகளை ஓய வைத்தன. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறும் போட்டன. 1938இல் முக்கூர்த்தி அணை வந்தது. 1950களின் தொடக்கத்தில், சிங்காராவிலிருந்து வெளியேறும் நீரை மரவகண்டியில் தேக்கி மறுபடி பள்ளத்துக்குள் இறக்கும் மாயாறு மின்நிலையம் வந்தது. அது 36 மெகாவாட். அண்மைக் காலத்தில் மலையைக் குடைந்து நிலத்தடியில் 150 மெகாவாட் நிலையம் ஒன்றும் வந்துவிட்டது. பள்ளத்துக்குள் ஓடும் நீரில் பெரும்பங்கு இன்று ஒரு கட்டுப்பாட்டு அறையின் கணக்கில் இருக்கிறது. மாலையில் ஊர்களில் விளக்கெரியும் நேரத்துக்கு நீர் கூடும், தேவை தணிந்தால் குறையும். கோடையில் இதனால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு: மழையே இல்லாத ஏப்ரலிலும் பள்ளத்தில் நீர் இருக்கிறது. யானைகள் அதை நம்பி வருகின்றன. அணைகளை வெறுத்துப் பேசுவது சுலபம். அணை இல்லாமல், மேலே புல்வெளியும் முழுசாக இல்லாமல் இந்த ஆற்றின் கோடை எப்படியிருக்கும் என்று யோசித்தால், அந்த வெறுப்பு எனக்கு முழுதாக வருவதில்லை. ஆனால் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் நீரில் முட்டையிடும் மீனும், மணல்திட்டில் வெயில் காயும் முதலையும், கரை வளையில் குட்டிகளை வைத்திருக்கும் நீர்நாயும் எந்தக் கட்டுப்பாட்டு அறையையும் கேட்டுக்கொண்டு வாழவில்லையே. கூனல் முதுகு மஹசீர் என்ற மீன், ஒரு காலத்தில் காவிரிப் படுகை நெடுகிலும் தூண்டில்காரர்களின் கனவாக இருந்தது. 2018இல் அதன் அறிவியல் பெயர் உறுதியானபோது அது அற்றுப்போகும் விளிம்பில் இருந்தது. பெயரை உறுதிசெய்ய உதவிய மீன்கள் மாயாற்றில் பிடிபட்டவை.

பாறு கழுகுகளைப் பற்றிப் பேசாமல் இந்த ஆற்றைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. 1990களில் தொடங்கி ஒரே தலைமுறைக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99க்கு மேல் செத்துவிட்டன. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபினாக் ஊசி மருந்து, மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பாறுகள் இனப்பெருக்கம் செய்வதற்கு மிஞ்சிய முக்கிய இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கையும் இங்கே காணலாம். கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை இடுக்குகளில் கூடு வைக்கிறது. வெண்முதுகுப் பாறுக்கு உயரமான மரம் வேண்டும், இங்கே அது பெரும்பாலும் நீர்மருது. 

நீர்மருதை ஆற்றங்கரையில் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். பட்டை வெளுத்து வழவழப்பாக, மனிதத் தோலைத் தொட்டது போன்ற குளிர்ச்சியோடு இருந்தது. அடிமரம் நீரை நோக்கிச் சாய்ந்து, வேர்கள் பாதி மண்ணிலும் பாதி நீரிலுமாகப் பாறையைப் பிடித்திருந்தன. உச்சிக் கிளையின் கவட்டில் சுள்ளிகளால் ஒரு மேடை. கூட்டுக்குக் கீழிருந்த இலைகள் எச்சம் பட்டு, சுண்ணாம்பு தெளித்தாற்போல வெளுத்திருந்தன. காடு காப்பவர்கள் கூட்டைத் தேடுவதில்லை, இந்த வெளுப்பைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கூட்டில் ஆண்டுக்கு ஒரு முட்டைதான். கழுகுக்கு நீர்மருது, நீர்மருதுக்கு வேர் நனைகிற கரை, கரைக்குக் கோடையிலும் வற்றாத ஆறு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் ஆய்வகத்தில் செய்து தர முடியாது.

பள்ளம் முடிந்து ஆறு வெளியே வந்ததும் நிலம் அகன்று கொடுக்கிறது. தெற்கே நீலகிரியின் சுவர். கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்ப்பவர்களுக்கு, வெகு ஆழத்தில், கட்டம் கட்டமாய்ப் பச்சை வயலும் ஓட்டு வீடுகளும் தெரியும். அது தெங்குமரஹாடா. வடக்கே தலமலை, சத்தியமங்கலம் காடுகள். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் இது. யானைகள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போக இந்தப் பள்ளத்தாக்கையும் சீகூர் மேட்டுநிலத்தையும் விட்டால் வேறு வழி இல்லை. அந்த வழித்தடத்தில் விடுதிகள் எழுந்து வழக்குகள் நடந்தன. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் யானைகளின் பக்கம் நின்றது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 

இன்று இது தொலைதூரக் காடு என்று சொல்கிறோம். முன்பு இது ராஜபாட்டை. மைசூர் மேட்டிலிருந்து கொங்குச் சமவெளிக்குப் படைகள் இறங்கிய கஜலஹட்டிக் கணவாய் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வந்து முடிகிறது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அந்த வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் கும்பெனிப் படையோடு மோதினார். அதற்கும் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஹொய்சளரின் தண்டநாயகர்கள் இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் கோட்டை கட்டியிருந்தார்கள். டணாயக்கன் கோட்டை என்று ஊர் வாயில் அது நிலைத்துவிட்டது. பிறகு சாலைகள் வேறு கணவாய்களில் ஏறின. வண்டிகள் அங்கே போயின, பள்ளத்தாக்கு மறதிக்குள் போனது. ஒரு இடம் தொலைவில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் அதன் குணத்தில் இல்லை. நம் சாலைகள் எப்படி மாறுகின்றனவோ அப்படி அதுவும் மாறுகிறது. ஆகவே, தொலைவில் இருப்பதால் மாயாறு பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகர் பக்கமிருந்து காராச்சிக்கொரைச் சோதனைச்சாவடியைக் கடந்து காட்டுவழியில் போக வேண்டும். பேருந்து ஆற்றங்கரையோடு நின்றுவிடும். ஊர் அக்கரையில். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் தார்ப்பாய் போர்த்திய பரிசல் வந்து நிற்கும். மிளகாய் மூட்டை, மஞ்சள் மூட்டை, சமையல் எரிவாயு உருளை, பள்ளிக்கூடப் பை, கைக்குழந்தை எல்லாம் ஒன்றாக ஏறும். பரிசல்காரர் துடுப்பை முன்னால் குத்தி, நேரே போகாமல் முதலில் மேல்நீர்ப் பக்கம் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போய், பிறகு இழுப்போடு விட்டுக் கரை சேர்ப்பார். ஒரு சுற்று சுற்றித்தான் அது நிற்கும். மேலே மழை என்றாலோ மின்நிலையத்தில் நீரைத் திறந்தாலோ ஆறு ஏறிவிடும். அன்றைக்குப் பரிசல் கிடையாது. பிள்ளைகள் இந்தக் கரையிலும் தாய்மார் அந்தக் கரையிலும் நிற்பார்கள். பாலம் வேண்டும் என்று அவர்கள் கேட்காத ஆட்சி இல்லை.

அந்த ஊரைக் காடு தானாகப் பெறவில்லை, அரசுதான் உண்டாக்கியது. நாட்டில் அரிசிப் பஞ்சம் இருந்த 1948இல், உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டி, கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குச் சுமார் 500 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. வந்தவர்கள் காட்டைத் திருத்தி நெல்லும் மஞ்சளும் வாழையும் போட்டார்கள். பக்கத்தில் கல்லாம்பாளையம் போன்ற இருளர் குடியிருப்புகள் அதற்கும் முன்பிருந்தே இருக்கின்றன. இப்போது அது புலிகள் காப்பக நிலம். வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று பேச்சு நடந்தது. உயர் நீதிமன்றமும் இடமாற்றத்தை விரைவுபடுத்தச் சொன்னது. போக விரும்புகிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு வற்றக் காத்திருந்தவர்களை யார் குற்றம் சொல்ல முடியும்? போக மனமில்லாதவர்களும் உண்டு. புலிக்கும் பாறுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு முழுதாக வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாட்டுக்குச் சோறு வேண்டும் என்று கூப்பிட்டுக் குடிவைத்த மக்களைப் பிறகு ஆக்கிரமிப்பாளர்களைப் போலப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் விட்டுக்கொடுப்பது நிலம் மட்டுமில்லை என்பதை, விலை பேசுகிறவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

தெங்குமரஹாடாவுக்குக் கீழே மாயாற்றின் கதை வேகமாக முடிந்துவிடுகிறது. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணை, இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தையே மூழ்கடித்துவிட்டது. டணாயக்கன் கோட்டையும் அதன் மாதவப் பெருமாள் கோயிலும் நீருக்குள் இருக்கின்றன. நீர்மட்டம் மிக இறங்கும் கோடைகளில் கற்கள் வெளியே தெரியும். சுற்றுப்பட்டு மக்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பக்கங்களில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அந்தக் கூடுகள் நூலாகி வருகிற ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. எங்கள் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி தடவும்போது, அந்த இழைகளில் எத்தனை முக்கூர்த்தியின் மழையைக் குடித்த இலையிலிருந்து வந்தவையோ! வெளியூர்க்காரர்கள் எங்கள் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்வார்கள். சாயம் தோய்க்கிற பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்குச் சாயத்தொட்டியில் ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர்.

எங்கள் ஊருக்கும் ஒரு ஆறு இருக்கிறது, வேகவதி. பிரம்மா தன்னை விட்டுவிட்டு வேள்வி செய்தார் என்று கோபித்துக்கொண்ட சரஸ்வதி, வெள்ளமாகப் பெருகி வேள்விச் சாலையை அடித்துப்போக வந்தாள். பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார். திருவெஃகாவில் அவர் இன்னமும் படுத்தபடிதான் இருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, வேகவதியைக் காட்டினால் நம்ப முடியாது. சீமைக்கருவேலும் சாக்கடையும் குப்பையுமாக ஒரு பள்ளம். ஆண்டில் சில நாள் ஓடும். அப்புறம் பாலாறும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில் பெயருக்குப் போய்ச் சேரும். பாலாறே 348 கிலோமீட்டரில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. மேலே நந்திமலையிலிருந்து வரும் வழி நெடுகத் தேக்கங்கள்; கீழே பல்லாண்டு மணல் அள்ளியதன் பள்ளங்கள். மழை குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வோம். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு காஞ்சியைவிட வறண்டது. மழைமறைவுப் பகுதி, முள்காடு, வெளிமான் மேயும் நிலம். அங்கே ஆறு ஓடுகிறது. மேலே மழை பிடிக்க ஒரு மலையும் கீழே யாரும் கைவைக்க முடியாத ஒரு வழியும் அதற்கு இருக்கின்றன. வேகவதிக்கு மலையைத் தர யாராலும் முடியாது. வழியை நாம் தந்திருக்கலாம். பாறை மாயாற்றுக்கு விட்டுக்கொடுத்த அகலத்தை, சமவெளியில் ஊர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏரிக்கு வரும் கால்வாய், கால்வாய்க்கு வரும் ஓடை, ஓடையின் புறம்போக்கு என ஒவ்வொன்றாக மனையாகிப்போனதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. தடுத்தவர்கள் குறைவு. அந்த மனைகளில் எழுந்தவற்றில் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பெரிய கட்டடங்கள் எல்லாம் உண்டு.

2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடியவர்கள் பாலத்தின் மேல் நின்று, கரையிலிருந்து கரைக்கு ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகவதியும் தன் பழைய அகலத்தைத் தேடி வீடுகளுக்குள் வந்தது. ஆறு தன் இடத்தை மறப்பதில்லை என்பதை அந்தச் சில நாட்களில் காஞ்சிபுரம் கண்டது. அதன் பிறகு கரையோரம் குடியிருந்தவர்களுக்குக் கீழ்கதிர்பூர் அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கி அங்கே போகச் சொன்னார்கள். ஊரிலிருந்து தள்ளி, வேலைக்கு வந்துபோகச் செலவு பிடிக்கும் இடம் என்று பலர் தயங்கினார்கள். பாவு புணைப்பவர், இழை சுற்றுபவர், மண்டபங்களில் பாத்திரம் கழுவுபவர் எல்லோருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பிழைப்பு. ஆற்றுக்கு இடம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் மாயாற்றங்கரையிலும் வேகவதிக் கரையிலும் ஆற்றுக்கு இடம் விடும்போது முதலில் எழுப்பப்படுகிறவர்கள் ஒரே மாதிரி மக்களாக இருப்பது ஏன்? அங்கே யானைத்தடத்து விடுதிகளை மூடப் பத்தாண்டுக்கு மேல் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இங்கே குடிசைக்கு ஒரு நோட்டீஸ் போதும். வேகவதியின் எல்லையை அளந்து கல் நடும்போது, 2021 வெள்ளம் தொட்ட கோட்டை வைத்து அளக்கட்டும். அந்தக் கோட்டுக்குள் வருகிற மண்டபமும் கல்லூரியும் குடிசையும் ஒரே நாளில், ஒரே தாளில் நோட்டீஸ் பெறட்டும். எழுப்பப்படுகிறவர்களுக்குத் தறி இருக்கும் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைக்கட்டும். நகராட்சியாக இருந்து மாநகராட்சியான ஊருக்கு அதற்குரிய நிலம் இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.